ஜோஸ்லின் சிஸ்டரின் ஒன்பதாவது ஞானப்பிள்ளை

சமையலறையில் மிக்ஸி நின்றது.

அதுவரை தேங்காய் அரைபட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று அறுந்ததும், முன்னறையில் தொலைபேசியைக் காதோடு வைத்திருந்த ஜோஸ்லினும் பேச்சை நிறுத்திவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி அமலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது, கண்ணால் பார்ப்பது போல அவளுக்குத் தெரிந்தது.

"லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டது அந்தோணியின் குரல்.

"ம்."

"பக்கத்துல ஆள் இருக்கா?"

"ம்."

"சரி, நான் சொல்றேன், நீங்க 'ம்' மட்டும் போடுங்க. நாளைக்குப் பூசை முடிஞ்சு, ஏசுதாஸ் குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிஞ்சு, சாப்பாடு உங்க வீட்லதானே? எல்லாரும் போனப்புறம் நான் பிராங்ளின்கிட்ட பேசுறேன். ஆனா இன்னிக்கே நீங்க ஒரு வார்த்தை சொல்லி வெச்சிடணும். திங்கக்கிழமை ஃபாதர்கிட்ட பேர் குடுத்தாத்தான் எட்டாம் தேதி முதல் ஓலை வாசிக்க முடியும். எட்டு, பதினஞ்சு, இருபத்திரண்டு. மூணு ஓலை. இருபத்தி மூணு கல்யாணம். இருபத்தஞ்சு சாம்பல் புதன் வந்துடுது. சரியா?"

"ம்."

"சிஸ்டர், அந்த 'ம்'-ல கொஞ்சம் சந்தோஷத்தைக் கலந்தா ஒண்ணும் குறைஞ்சுடாது."

ஜோஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ரிசீவரை வைத்த மறுகணம் மிக்ஸி மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அன்று 1998 ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை. மூன்று ஞாயிறு கோயிலில் மணமக்கள் பெயரை ஓலை வாசித்த பிறகுதான் கல்யாணம். சாம்பல் புதன் வந்துவிட்டால் தபசு காலம். ஈஸ்டர் வரை கல்யாணப் பேச்சே கூடாது. அந்தோணியோ மாற்றலாகி மார்ச் இரண்டாம் தேதி அந்தமானில், போர்ட் பிளேரில் வேலையில் சேர வேண்டும்; அது கோயிலில் எல்லாருக்கும் தெரிந்த சேதி. முதல் வருஷம் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிப்ரவரிக்குள் நடக்கவில்லை என்றால் நடுவே ஒரு கடல் வந்து படுத்துக்கொள்ளும். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணும் மனைவியை இழந்த நாற்பத்தெட்டு வயது மனிதரும், கடலுக்கு இரு கரையிலும் உட்கார்ந்து எத்தனை நாள் காத்திருப்பது?

ஜோஸ்லின் தில்லிக்கு வந்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அப்பா இறந்த வருஷம் நர்ஸிங் முடித்து, ஒரு தகரப்பெட்டியோடு ரயிலேறினாள். அடுத்த வருஷமே பதினாறு வயதுத் தம்பி பிராங்ளினை வரவழைத்து மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தாள். அவன் வளர்ந்தான், ஓக்லாவில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனான், அமலி வந்தாள், ஷெரின் பிறந்தாள். சரோஜினி நகரில் இருந்த இந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் மட்டும் மத்திய அரசு மருத்துவமனை நர்ஸான ஜோஸ்லினின் பெயரிலேயே இருந்தது. அவள் படுப்பது பின்பக்க வராந்தாவில், பிளைவுட் அடித்த மறைப்புக்குள். "எனக்கென்ன, ஒத்தை ஆளு" என்று அவள் சொல்லப்போக, அதையே வீடு பிடித்துக்கொண்டது.

இதற்கு முன் இரண்டு முறை அவளுக்கு வரன் வந்தது. முதல் முறை தம்பியின் படிப்பு. இரண்டாம் முறை அமலியின் பிரசவம். ஒவ்வொரு முறையும் வீட்டில் யாரும் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. 'இப்போது வேண்டாம்' என்றுதான் சொன்னார்கள்.

கல்யாணம் ஆகாதவளுக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. சொந்தபந்தத்தை ஊரில் விட்டுவிட்டுத் தில்லியில் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் குழந்தை பிறந்தால், ஞானத்தாய்க்கு வேறு யாரையும் தேடுவதில்லை. "ஜோஸ்லின் சிஸ்டரைக் கேட்டிருக்கோம்" என்பார்கள். எட்டு ஞானப்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். ஏசுதாஸின் மகன் ஒன்பதாவது.

அந்தோணியை அவள் சந்தித்தது இரண்டு வருஷத்துக்கு முன், வார்டில். காலை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் படுத்திருந்தார். திண்டுக்கல்காரர், அரசாங்க டிராஃப்ட்ஸ்மேன், மயூர் விஹாரில் தனிக்குடித்தனம். பார்க்க வந்தவர் யாருமில்லை. கட்டுப் பிரித்த பிறகு தமிழ்ப் பூசைக்கு வரத் தொடங்கினார். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வெயிலில் நின்று ஆரஞ்சு உரிப்பார். பாதிப் பழத்தை நார் எல்லாம் எடுத்துவிட்டு அவளிடம் நீட்டுவார். மற்றவர்களுக்கு வேலை செய்தே தேய்ந்த கைகளில், யாரோ உரித்துக் கொடுத்த பழம்! வாரம் முழுக்க அந்தப் பாதிப் பழத்துக்காகவே அவள் டியூட்டி பார்த்தாள் என்றால் மிகையில்லை.

இன்று சொல்லிவிட வேண்டும்.

ஆனால் சனிக்கிழமை அவளுக்கு எங்கே இடம் கொடுத்தது? பிராங்ளின் ஓவர்டைம் போய்விட்டான். ரஜாய்ப் பஞ்சுப் போர்வைகளின் உறைகளைத் துவைத்து மாடியில் காயப் போட்டாள். நாளைய விருந்துக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் அமலியோடு சீலா மீன் வாங்கினாள். திரும்பி வந்து கால் நீட்டுவதற்குள் ஷெரின் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை, மார்க்கெட் போலாம், ப்ளீஸ். நாளைக்குப் போட என்கிட்ட நல்ல ஸ்வெட்டரே இல்ல. அம்மா கூடப் போனா அவங்க கடைக்கார பையாகிட்ட சண்டை போடுவாங்க. நீ வா."

"பரீட்சைக்குப் படிக்க வேண்டாமாட்டி?"

"ஒரு மணி நேரம். ஜல்தி வந்துடலாம். பிராமிஸ்."

சரோஜினி நகர் மார்க்கெட்டில் சனிக்கிழமைக் கூட்டம். சிவப்பு ஸ்வெட்டரா, நீலமா என்று ஷெரின் பதினெட்டுக் கடை ஏறி இறங்கினாள். கடைசியில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை எலுமிச்சை பிழிந்து இலைத் தொன்னையில் வாங்கி, அத்தையும் மருமகளும் ஒரு சுவர் ஓரமாக நின்று சாப்பிட்டார்கள். குளிருக்கு அந்தச் சூடும் புளிப்பும் தொண்டையில் இதமாக இறங்கின.

"அத்தை, நீ இல்லைன்னா நான் மேத்ஸ்ல ஃபெயில்தான்" என்றாள் ஷெரின், வாய் நிறைய. "நீ டீ போட்டுக் குடுத்து பக்கத்துல உக்காந்தாத்தான் எனக்கு மண்டைல ஏறுது."

ஜோஸ்லின் தன் பங்குக் கிழங்கையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

இரவு ஜெபமாலை முடிந்ததும் வாயைத் திறந்தாள். "பிராங்ளின், உன்கிட்ட ஒரு விஷயம்..."

"காலைல பேசலாம்க்கா. முதுகு விட்டுப்போச்சு" என்று அவன் ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அமலி மட்டும் விளக்கை அணைக்குமுன் மைனி ஜோஸ்லினின் முகத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

ஞாயிறு. தில்லியைப் பனிமூட்டம் விழுங்கியிருந்தது. கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். குழந்தை ஜோஸ்லினின் கையில். ஃபாதர் புத்தகத்தைப் பிரித்து, "ஞானத்தகப்பன் எங்கே?" என்றார்.

ஏசுதாஸ் கையைப் பிசைந்தான். "எங்கண்ணன்தான் ஃபாதர். மெட்ராஸ்ல இருந்து வர்றாரு. வண்டி இன்னும் ஜான்சியே தாண்டலியாம். பன்னெண்டு மணி நேரம் லேட்டு."

"அப்ப ஞானத்தாய் மட்டும் போதும், ஆரம்பிக்கலாம்" என்றார் ஃபாதர்.

"அதெப்படி ஃபாதர்?" அமலி முன்னால் வந்தாள். "ஆம்பளப் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் இல்லாமலா? நம்ம அந்தோணி சார் நிக்காவல்லா? சார், நீங்க வாங்க. மைனி பக்கத்துல நில்லுங்க."

ஜோஸ்லின் குழந்தையை மார்போடு இறுக்கினாள்.

அவள் ஊரில் ஒரு முறை உண்டு. ஒரே பிள்ளைக்கு ஞானத்தகப்பனாகவும் ஞானத்தாயாகவும் தொட்டியருகே கூட நின்றவர்கள் அன்றிலிருந்து அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் ஆகாது. ராயப்பு மாமா மகள் அப்படிக் கூட நின்றவனைக் கட்டிக்கொள்ளப் போய், ஊரே சாப்பாட்டுக்கு வராமல் பந்திப்பாய் காலியாகக் கிடந்ததை ஜோஸ்லின் சிறுமியாகப் பார்த்திருக்கிறாள். அமலிக்கும் அதே ஊர்தான்.

திண்டுக்கல்காரருக்கு இது எப்படித் தெரியும்? அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு, புது மாப்பிள்ளையின் வெட்கத்தோடு அவள் அருகில் வந்து நின்றார்.

'வேண்டாம்' என்று ஒரு சொல் போதும். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். 'நான் இவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன்' என்று, தம்பியிடமே இன்னும் சொல்லாததை, அறுபது பேர் முன்னிலையில், கையில் ஊரான் பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். குழந்தை வீறிட்டது. ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்" என்றார் அந்தோணி கணீரென்று.

"விட்டுவிடுகிறேன்" என்றாள் ஜோஸ்லின். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஃபாதர் அங்கி கழற்றும் அறைக்குள் ஓடினாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். ஃபாதர் சிரித்துவிட்டார்.

"அட, இதுக்கா இப்படி வெளிறிப் போயிட்டீங்க? திருச்சபைல அப்படி ஒரு தடையும் இல்லம்மா. தைரியமா போங்க. நாளைக்கு ரெண்டு பேரும் வந்து பேர் குடுங்க."

ஆண்டவரே! போன உயிர் திரும்பி வந்தது. வெளியே பனி விலகி, வெயில் பொன்னாகக் கொட்டியது. வீட்டுக்கு நடந்து வந்தபோது அவள் கால் தரையில் பாவவில்லை. தேங்காய்ச்சோறும் சீலா மீன் குழம்பும் பரிமாறினாள். "சிஸ்டர், இன்னிக்கு என்ன, முகத்துல பல்பு எரியுது?" என்று ஏசுதாஸின் மனைவி கேலி செய்தாள். "ஒம்பதாவது பிள்ளை பெத்திருக்கேன்லா?" என்று ஜோஸ்லின் சொல்ல, பந்தி முழுக்கச் சிரிப்பு. அந்தோணி மூன்றாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு ஏசுதாஸ் குடும்பம் கிளம்பியது. மற்றவர்களும் கிளம்பினார்கள். ஷெரின் புத்தகத்தோடு உள்ளறைக்குப் போனாள். அந்தோணி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"பிராங்ளின், எனக்குப் பெரியவங்கன்னு யாரும் இல்ல. அதனால நானே கேக்குறேன். உங்க அக்காவை எனக்குக் கட்டித் தாங்க."

பிராங்ளின் தரையைப் பார்த்தான். பதில் அமலியிடமிருந்து வந்தது.

"என்ன சார், கூத்தா இருக்கு? காலைலதான் ரெண்டு பேரும் கூட நின்னிய. எங்க ஊர் முறைப்படி நீங்க மைனிக்கு அண்ணன். அண்ணன் வந்து பொண்ணு கேக்கலாமா?"

அந்தோணி திகைத்தார். ஜோஸ்லினைப் பார்த்தார். அவள் நிதானமாகவே சொன்னாள்: "ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன். அப்படித் தடை எதுவும் இல்லன்னு சொல்லிட்டாரு."

"சாமியாருக்குச் சட்டம் தெரியும். நம்ம ஊரு தெரியுமாக்கா?" என்றான் பிராங்ளின், தலை நிமிராமல். "நாளைக்கு ஊர்ல என்ன சொல்லுவாவ?"

"ஊர்ல யாரு இருக்கா நமக்கு? கடைசியா நீ எப்ப போன?" ஜோஸ்லின் அமலியின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவியளைக் கூப்பிட்டு நிறுத்தின. இல்லியா?"

அமலியின் கண்கள் நிறைந்தன. மறைக்கவில்லை.

"ஆமா மைனி, தெரிஞ்சுதான் செஞ்சேன். போன்ல நீங்க 'ம்' போடுறதைப் பதினாறு வருசமா கேக்கேன். அவியகிட்ட பேசுற 'ம்' வேற. அது எனக்குப் புரியாதா? என்னைய அடிங்க. ஆனா நீங்க போயிட்டா இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்லா? மார்ச்சுல பிள்ளைக்கு போர்டு பரீட்சை. நாங்க எங்க போவோம்?"

"மயூர் விஹார்ல நான் இருக்கற வீட்டையே நீங்க எடுத்துக்கலாம். வீட்டுக்காரர்கிட்ட நான் பேசுறேன்" என்றார் அந்தோணி அவசரமாக. "பரீட்சை முடியற வரைக்கும் சிஸ்டர் இங்கயே இருக்கட்டும். கல்யாணம் மட்டும்..."

"அந்த வாடகைக்கு என் சம்பளம் காணாது சார்" என்றான் பிராங்ளின். அப்படிச் சொல்லும்போதே அவன் முகம் கோணியது. நாற்பதை எட்டப்போகும் ஆண்பிள்ளை நாற்காலியிலிருந்து சரிந்து, அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டான். "முறையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லக்கா. எனக்குப் பயமா இருக்கு. அப்பா செத்தன்னைக்கு எப்படி இருந்துதோ, அப்படி இருக்கு. நீதான எல்லாம் பாத்துக்கிட்ட? எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா."

ஊர் முறை என்று அவர்கள் சண்டை போட்டிருந்தால் ஜோஸ்லின் ஜெயித்திருப்பாள். அதற்கு வேண்டிய பதிலெல்லாம் கோயிலிலிருந்து வரும் வழியிலேயே சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் காலில் விழுந்த ஈரத்துக்கு அவளிடம் பதில் இல்லை. தகரப்பெட்டியோடு அவள் ரயிலேறிய நாளில், பிளாட்பாரத்தில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று அழுத அதே பையன். அவன் வளரவே இல்லை. அவள் வளர விடவில்லையோ?

உள்ளறைக் கதவு திறந்தது. ஷெரின் பூகோளப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, நீ போறியா?"

அவ்வளவுதான் கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை. போர்ட் பிளேர் எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் வரைபடத்தில் பார்த்துவிட்டு வந்தவள் போல, விரல் இன்னும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்தது.

அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். இருபத்துநாலு வருஷமாக இந்த வீட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் அவள் முகத்தில்தான் விடை தேடியிருக்கிறார்கள். அந்தப் பார்வைகள் நாலு பக்கச் சுவர்களாக நெருங்கி வந்தன. எங்கே இடிப்பது? எந்தச் சுவரை இடித்தாலும் அவள் பெற்றதுபோல வளர்த்த ஒன்று அதனடியில் நசுங்கும்.

அந்தோணி எழுந்தார். மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். "நான் கிளம்புறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். ஜோஸ்லின் பிராங்ளினின் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

படிக்கட்டின் தலைப்பில் அவர் திரும்பி நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிஸ்டர், அவங்க சொன்னது எதுவும் எனக்கு முக்கியமில்ல. நீங்க சொல்லுங்க. நாளைக்கு ஏழு மணிக்கு நான் கோயில் வாசல்ல நிக்கவா, வேண்டாமா? ஒரு வார்த்தை. எவ்வளவு வருஷம் வேணும்னாலும் காத்திருன்னு சொன்னாக்கூடச் சரி. காத்திருப்பேன்."

அவர் காத்திருப்பார். அது அவளுக்குத் தெரியும். ஒரு 'ம்' போட்டால் போதும்; கடலுக்கு அந்தக் கரையில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பழத்தை உரித்துப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் காத்திருப்பார். ஷெரினுக்குப் பத்தாவது முடியும், பன்னிரண்டாவது வரும், கல்லூரி வரும், கல்யாணம் வரும். தன்னைக் கட்டிப்போட்ட கயிற்றில் அவரையும் சேர்த்துக் கட்ட வேண்டுமா? இவருக்கு இன்னொரு வாழ்க்கை கிடைக்காது என்று யார் சொன்னது?

காத்திரு என்று சொல்ல அவள் மனம் கூவியது. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, அந்த நம்பிக்கை இனி ஒருபோதும் தளிர்விடாதபடி, வேரிலேயே வெட்டினாள்.

"பத்திரமா போயிட்டு வாங்க, அண்ணே."

அந்தோணியின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போவதை அவள் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. கை கூப்பினார். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது நர்ஸைப் பார்த்துக் கூப்புவது போலக் கூப்பினார். பிறகு, உடைந்து சேர்ந்த காலைச் சற்றே சாய்த்து வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். இரண்டாம் மாடி, முதல் மாடி, கீழே கேட். செருப்புச் சத்தம் தெருவில் கரைந்தது.

"அக்கா" என்று உள்ளேயிருந்து பிராங்ளின் கூப்பிட்டான். "குளிர் உள்ள வருது."

ஜோஸ்லின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.